முறைப்பாடும் தீர்ப்பும்: வேத்தியல் கழகம் 1712இல் நடத்திய விசாரணை

ஆய்வுலகம் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஒருவர் தம் சோதனையின் பெறுபேற்றையோ சிந்தனையின் விளைவையோ அச்சிலே தரும்போது, அது அவராலேயே கண்டறியப்பட்டது என்றும், அவர் கூறும் வகையிலேயே கண்டறியப்பட்டது என்றும் வாசகர் ஏற்றுக்கொள்கின்றனர். இந்நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்துவிட்டதென ஒருவர் முறையிடுமிடத்து, அம்முறைப்பாட்டை எவர் கேட்பது, எவ்வாறு கேட்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இக்காலத்து ஆய்வுச் சஞ்சிகைகள் இதற்கென விதிகளை வகுத்துள்ளன. அவ்விதிகள் பலவற்றின் பின்னே, முன்னோர் இழைத்த தவறுகளின் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே பழையதும் மிக ஆழமான வடுவை விட்டுச் சென்றதும், நுண்கணிதத்தின் கண்டுபிடிப்புப் பற்றி ஐசாக் நியூற்றனுக்கும் லைப்னிற்ஸுக்கும் இடையே எழுந்த பிணக்காகும். இதனை இரு மேதைகளின் அகந்தைப் போராகக் கூறுவதே பெருவழக்கு. எனினும், ஒரு சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரைக்கு எதிரான முறைப்பாடாகவும், அம்முறைப்பாடு கையாளப்பட்ட விதத்தின் வரலாறாகவும் இதனை நோக்கின், முறையான விசாரணையின் இலக்கணம் பற்றிய தெளிவு ஒன்று கிட்டும்.

ஆய்வுச் சஞ்சிகை என்னும் அமைப்பே அன்று இளமையானது. இலண்டன் வேத்தியல் கழகத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் 1665ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘பிலொசொபிக்கல் ட்ரான்ஸக்ஷன்ஸ்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புக்களைப் பெரும்பாலும் நூல்கள் வாயிலாகவும் கடிதங்கள் வாயிலாகவும் அறிவித்தனர். பிறர் களவாடிவிடுவர் என அஞ்சிய சிலர், எழுத்துக்களை இடம்மாற்றியமைத்த புதிர்களாக அவற்றை மறைத்தும் வைத்தனர். திகதியிட்டு வெளிவரும் சஞ்சிகை இவ்வச்சத்துக்கு மருந்தாகக் கருதப்பட்டது. ஒரு கருத்தை முதலில் வெளியிட்டவர் யார் என்பதற்கு அது சாட்சியாக நின்றது. ஜேர்மனியின் லைப்சிக் நகரிலே ஒற்றோ மெங்கே 1682இல் தொடங்கிய ‘அக்டா எருடிற்றோரும்’ ஐரோப்பியப் பெருநிலத்திலே இதே பணியை ஆற்றியது. ஆயின் அச்சிலே வந்த கூற்றொன்றினால் தம் நற்பெயருக்குக் கேடு விளைந்ததென ஒருவர் முறையிட்டால், அதனை விசாரிப்பதற்கான ஒழுங்கு எதுவும் அன்று வகுக்கப்பட்டிருக்கவில்லை.

பிணக்கின் பின்னணி சுருக்கமாகக் கூறற்பாலது. நியூற்றன் 1665, 1666ஆம் ஆண்டுகளிலேயே தம் முறையின் அடிப்படைகளைக் கண்டிருந்தார். மாறிக்கொண்டிருக்கும் கணியங்களின் மாறல் வேகத்தை அவர் ‘பிளக்ஷன்’ என அழைத்தார். முடிவில் தொடர்கள் பற்றி 1669இல் அவர் எழுதிய சிறு நூல், ஜோன் கொலின்ஸ் முதலிய சிலரிடையே கையெழுத்துப் பிரதியாக உலவியதேயன்றி 1711 வரை அச்சேறவில்லை. மறுபுறத்தில் லைப்னிற்ஸ், பாரிசிலே வாழ்ந்த காலத்தில், 1675ஆம் ஆண்டின் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் தமது முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் மாணவர் எழுதும் தொகையீட்டுக் குறியீடு 1675 ஒக்ரோபர் 29ஆம் திகதியிட்ட அவரது கையெழுத்துத் தாளிலே காணப்படுகின்றது. மறு ஆண்டில் நியூற்றன், ஓல்டன்பேர்க் வாயிலாக அவருக்கு இரண்டு நீண்ட கடிதங்களை அனுப்பினார். அவற்றிலே தொடர்கள் பற்றி விரிவாக எழுதியவர், தம் முறையின் உயிர்நிலையான பகுதியை எழுத்துப் புதிராகவே மறைத்துவிட்டார். அதே 1676இல் இலண்டனுக்கு வந்த லைப்னிற்ஸ், கொலின்ஸிடமிருந்த பிரதியைப் பார்வையிட்டு, தொடர்கள் பற்றிய பகுதிகளிலிருந்து குறிப்பெடுத்துக்கொண்டார். 1684இல் தம் வகையீட்டு முறையை ‘அக்டா’வில் வெளியிட்டபோது அவர் நியூற்றனின் பெயரைக் குறிப்பிடவில்லை. நியூற்றனோ பிளக்ஷன் முறை பற்றிய தம் கட்டுரையொன்றை 1704இலேயே, ஒளியியல் நூலின் பின்னிணைப்பாக, வெளியிட்டார். ஆகவே முதலிற் கண்டவர் நியூற்றன். முதலில் அச்சிட்டவர் லைப்னிற்ஸ். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்க முடியும் என்பதை ஏற்றிருந்தால் பிணக்கு அத்துடன் முடிந்திருக்கும்.

அவ்வாறு முடியவில்லை. 1705இல் ‘அக்டா’விலே பெயரிடப்படாத மதிப்புரை ஒன்று வெளிவந்தது. லைப்னிற்ஸின் வகையீடுகளுக்குப் பதிலாக நியூற்றன் பிளக்ஷன்களைக் கையாண்டார் என்று இருபொருள்படும் வகையில் அது எழுதிற்று. அதனை எழுதியவர் லைப்னிற்ஸே. இதற்கு மறுமொழி போல, நியூற்றனின் ஆதரவாளரான ஜோன் கீல் என்பார், ‘ட்ரான்ஸக்ஷன்ஸ்’ சஞ்சிகையின் 1708ஆம் ஆண்டுக்குரிய இதழொன்றிலே, மையநாட்ட விசை பற்றிய கட்டுரையினூடே ஒரு குற்றச்சாட்டைச் செருகினார். பிளக்ஷன் கணிதத்தை முதலிற் கண்டவர் நியூற்றன் என்றும், பின்னர் லைப்னிற்ஸ் பெயரையும் குறியீட்டையும் மாற்றி அதனையே வெளியிட்டார் என்றும் கூறுவதே அக்கூற்றின் சாரம். களவு என்ற சொல்லை அவர் எழுதவில்லை. வாசகர் எவரும் அதனை வேறுவிதமாக விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

1673 முதலே வேத்தியல் கழகத்தின் அங்கத்தவராயிருந்த லைப்னிற்ஸ், 1711 மார்ச்சிலே கழகத்தின் செயலாளரும் சஞ்சிகையின் பதிப்பாசிரியருமான ஹான்ஸ் ஸ்லோனுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார். அவருடைய கோரிக்கை எளியது: அச்சொற்களால் உணர்த்தப்படும் குற்றத்தைத் தாம் கருதவில்லை எனக் கீல் பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும். இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். நுண்கணிதத்தை முதலிற் கண்டவர் யார் எனத் தீர்ப்பளிக்குமாறு லைப்னிற்ஸ் கேட்கவில்லை. கழகத்தின் சஞ்சிகையில் வந்த பழிச்சொல் ஒன்றை நீக்குமாறே கேட்டார்.

அக்காலத்தில் வேத்தியல் கழகத்தின் தலைவராக இருந்தவர் நியூற்றன். 1703இல் அப்பதவிக்கு வந்த அவர், 1727இல் இறக்கும்வரை அதில் நீடித்தார். கழகம் முதலிலே செய்தது தவறெனக் கூறுவதற்கில்லை. குற்றஞ்சாட்டிய கட்டுரையை எழுதியவரிடம் அது விளக்கம் கேட்டது. ஆயின் கீல், 1705ஆம் ஆண்டு மதிப்புரையை நியூற்றனுக்குக் காட்டி அவரது மனத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். 1711 மே மாதத்திலே கழகத்தின் முன் வாசிக்கப்பட்ட கீலின் பதில், பழிச்சொல்லை மீளப் பெறாது, அதற்கு ஆதாரம் தேட முற்பட்டது. கழகம் அதனைத் தன் பெயராலேயே லைப்னிற்ஸுக்கு அனுப்பி வைத்தது. குற்றஞ்சாட்டியவரின் வாதமே முறைப்பாட்டுக்குரிய விடையாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலே லைப்னிற்ஸ் மீண்டும் எழுதினார். தம் வாழ்நாள் உழைப்பைப் பற்றிப் பின்வந்த ஒருவரோடு வாதாடத் தாம் விரும்பவில்லை என்றும், கழகத்தின் நடுவுநிலைமையையும் நியூற்றனின் நேர்மையையும் நம்புவதாகவும் அவர் தெரிவித்தார். அந்நம்பிக்கையே அவருக்கு வினையாக முடிந்தது.

1712 மார்ச் 6ஆம் நாள் கழகம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. முதலில் அறுவர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் வானியலாளர் எட்மண்ட் ஹலி, கணித அறிஞர் வில்லியம் ஜோன்ஸ், ஜோன் மேச்சின், மருத்துவர் ஜோன் ஆர்பத்நொட் ஆகியோர் இருந்தனர். ஹலி, நியூற்றனின் பெருநூலான ‘பிரின்சிப்பியா’வை 1687இல் தம் செலவிலே அச்சிடுவித்தவர், ஜோன்ஸ், அதற்கு முந்திய ஆண்டிலேதான் நியூற்றனின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்து வெளியிட்டவர். பின்னர் ஐவர் சேர்க்கப்பட்டு, குழுவின் தொகை பதினொன்றாயிற்று. அவர்களுள் பிரஷிய அரசின் தூதுவராயிருந்த போனே, பிரான்சிலே பிறந்து இலண்டனில் அகதியாக வாழ்ந்த டி மொயிவர் ஆகியோரும் அடங்குவர். பல நாட்டுப் பெரியோர் கூடிய பெருங்குழு எனப் பின்னர் பெருமையாகக் கூறப்பட்டதற்கு ஆதாரம் இவர்களே. டி மொயிவரோ நியூற்றனின் நெருங்கிய நண்பர். அவரும் வேறு இருவரும் ஏப்பிரல் 17ஆம் நாள் நியமிக்கப்பட்டனர். குழுவின் அறிக்கை ஏப்பிரல் 24ஆம் நாள் வாசிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக் காலத்துக் கடிதங்களையும் பிரதிகளையும் ஆராய அம்மூவருக்குக் கிடைத்த அவகாசம் ஒரே வாரம்.

அறிக்கையின் முடிவு இதுவே: நியூற்றனே முதற் கண்டுபிடிப்பாளர்; வகையீட்டு முறையும் பிளக்ஷன் முறையும் பெயரிலும் குறியீட்டிலுமன்றி வேறுபடுவன அல்ல; ஆகவே கீல் அவ்வாறு கூறியதனால் லைப்னிற்ஸுக்கு எவ்வித அநீதியும் இழைக்கப்படவில்லை. இம்முடிவிலே வினா மாற்றப்பட்டிருப்பதை நுணுகி நோக்குவோர் உணர்வர். லைப்னிற்ஸ் களவாடினாரா என்பதே முறைப்பாடு எழுப்பிய வினா. குழு விடையளித்ததோ முதலிற் கண்டவர் யார் என்னும் வினாவுக்கு. ஒருவர் முதலிற் கண்டார் என்பதிலிருந்து மற்றவர் களவாடினார் என்பது பெறப்படாது. ஆயினும் முதல் வினாவுக்குக் கிடைத்த சரியான விடையே இரண்டாவது வினாவுக்கும் விடையாக வாசகர் முன் வைக்கப்பட்டது.

விசாரணையின் ஏனைய குறைகளும் இதனோடு ஒத்தவையே. குழு லைப்னிற்ஸிடம் எழுத்துமூல விளக்கம் எதனையும் கோரவில்லை. அவருடைய தாள்களை அனுப்புமாறும் கேட்கவில்லை. இத்தகைய குழு கூடியுள்ளது என்றுகூட அவருக்கு அறிவிக்கவில்லை. கேட்டிருந்தால், 1675ஆம் ஆண்டுத் தாள்கள் அவர் கையிலேயே இருந்தன. அறிக்கையும் அதற்கு ஆதாரமான கடிதங்களும் ‘கொமேர்சியும் எப்பிஸ்ரோலிக்கும்’ என்னும் நூலாக 1713இன் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞரிடையே பரப்பப்பட்டன. குழுவினர் எவரது பெயரும் அந்நூலில் இடம்பெறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆவணங்களைத் தெரிந்தெடுத்தவரும், அவற்றுக்குக் குறிப்பெழுதியவரும், அறிக்கையின் வரைவை எழுதியவரும் தலைவர் நியூற்றனே. அவர் கையெழுத்திலுள்ள வரைவு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது.

இதற்குப் பின் நிகழ்ந்தது சஞ்சிகைகளின் வரலாற்றிலே தனித்து நோக்கத்தக்கது. 1715ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களுக்குரிய ‘ட்ரான்ஸக்ஷன்ஸ்’ இதழின் மிகப் பெரும்பகுதியை, ‘கொமேர்சியும்’ நூல் பற்றிய நீண்ட மதிப்புரை ஒன்று நிரப்பிற்று. அதில் எழுதியவர் பெயர் இல்லை. நியூற்றனைப் படர்க்கையிலே குறிப்பிட்டு, குழுவின் நடுவுநிலையைப் போற்றி, லைப்னிற்ஸைக் கண்டித்தது அம்மதிப்புரை. அதனை எழுதியவர் நியூற்றன். தம் வழக்கிலே தாமே சாட்சியாக எவரும் நிற்கலாகாது என்றும், அத்தகைய சாட்சியத்தை ஏற்கும் நீதிபதி எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் மாறாக நடப்பவராவர் என்றும் அதிலே லைப்னிற்ஸுக்கு எதிராக வாதிக்கப்பட்டுள்ளது. தம் வழக்கிலே தாமே வாதியும் சாட்சியும் நீதிபதியும் மதிப்புரைகாரருமாக நின்ற ஒருவர், பெயரை மறைத்துக்கொண்டு எழுதிய வரிகள் இவை. நீதியின் இலக்கணம் அவருக்குத் தெரியாமலில்லை. அதனைத் தமக்குப் பொருத்திப் பார்க்கவைக்கும் அமைப்பு எதுவும் கழகத்தில் இருக்கவில்லை.

லைப்னிற்ஸைக் குற்றமற்றவராகச் சித்திரிப்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1705ஆம் ஆண்டு மதிப்புரையைத் தாம் எழுதியதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1713 ஜூலையில் பெயரின்றி உலவிய துண்டுப்பிரசுரம் ஒன்றும் அவர் எழுதியதே. நியூற்றன்தான் தம்மிடமிருந்து கடன் பெற்றவர் எனும் கருத்தை அது பரப்பிற்று. கொலின்ஸிடம் பிரதியைப் பார்த்த செய்தியையும் அவர் நெடுங்காலம் வெளிப்படையாகக் கூறவில்லை. இவையெல்லாம் நடுவுநிலையான விசாரணையொன்று கேட்டறிந்திருக்க வேண்டிய விடயங்கள். முறைப்பாட்டாளர் குறையுடையவர் என்பது முறைப்பாட்டைக் கேளாதிருப்பதற்குக் காரணமாகாது. இருவரும் பெயரை மறைத்து எழுத இடந்தந்த சஞ்சிகைகள், கையொப்பமிட்ட பொறுப்பு என்பதன் பெறுமதியை அன்று உணர்ந்திருக்கவில்லை.

அரசியலும் இதனோடு பின்னிக் கிடந்தது. லைப்னிற்ஸ் பணியாற்றிய ஹனோவர் நாட்டின் ஆட்சியாளர் 1714இல் பிரித்தானியாவின் முதலாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடினார். லைப்னிற்ஸும் இலண்டன் செல்ல விரும்பினார். ஆனால் அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதி முடிக்கும்வரை ஹனோவரிலேயே தங்குமாறு பணிக்கப்பட்டார். பழி நீங்காமலே, 1716 நவம்பர் 14ஆம் நாள் அங்கு காலமானார். அவர் இறந்த பின்னரும் நியூற்றன் ஓயவில்லை. 1687இல் லைப்னிற்ஸின் முறை பற்றிப் ‘பிரின்சிப்பியா’வில் அவர் எழுதியிருந்த நற்குறிப்பு, 1726ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பிலே நீக்கப்பட்டது.

இவ்விசாரணையினால் நியூற்றனும் பயன் பெறவில்லை. அவர் முதலிற் கண்டவர் என்பது உண்மை. ஆனால் அவ்வுண்மை அவர் கையாலேயே தீர்ப்பாக எழுதப்பட்டமையால், ஐரோப்பியப் பெருநிலத்து அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. பிரித்தானியக் கணித அறிஞர் நாட்டுப் பற்றினால் நியூற்றனின் புள்ளிக் குறியீட்டையே பற்றி நின்றனர். பேர்னூலி சகோதரர், ஒயிலர், லக்ராஞ்சு ஆகியோர் லைப்னிற்ஸின் குறியீட்டைக் கொண்டு வளர்த்தெடுத்த பகுப்பாய்வு முறைகள் அங்கே மெல்லவே நுழைந்தன. 1812இல் கேம்பிறிஜ் மாணவர்களான சாள்ஸ் பபேஜ், ஜோன் ஹேர்ஷல், ஜோர்ஜ் பீக்கொக் ஆகியோர் சங்கம் ஒன்றை நிறுவி, பெருநிலத்துக் குறியீட்டைத் தம் பல்கலைக்கழகத்திற் புகுத்தப் போராட வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு முன் நடந்த முறையற்ற விசாரணையின் சுமையையும் அவ்விளைஞர் ஓரளவுக்குச் சுமந்தனர் எனலாம்.

உண்மை வெளிவரவும் அத்துணைக் காலம் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஓகஸ்ரஸ் டி மோர்கன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், குழுவின் அமைப்பையும் நியூற்றனின் மறைவான பங்கையும் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். லைப்னிற்ஸின் கையெழுத்துத் தாள்களும் அந்நூற்றாண்டிலேயே அச்சேறத் தொடங்கின. நியூற்றனின் கணிதத் தாள்களை வைற்சைட் 1967 முதல் 1981 வரை எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்று வரலாற்றாசிரியர் ஏற்கும் முடிவு. அதற்கு வேண்டிய தாள்கள் 1712இலேயே இருந்தன. அவற்றை ஒருங்கு வைத்துப் பார்க்கும் விருப்பமே இருக்கவில்லை.

இக்குறைகளைப் பழங்காலத்தவை என ஒதுக்கிவிடலாகாது. 1997இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர் சிலர், ஆய்வு மோசடி பற்றிய முறைப்பாடுகளைக் கையாள்வதில் ஒருவருக்கொருவர் ஆலோசனை பெறும்பொருட்டு, வெளியீட்டு ஒழுக்கவியற் குழு ஒன்றைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டு பெப்ரவரியில் ‘லான்செற்’ மருத்துவச் சஞ்சிகை, அன்ட்ரூ வேக்பீல்டும் வேறு பன்னிருவரும் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றிய அக்கட்டுரை, சின்னமுத்து முதலிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஒட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்னும் அச்சத்தைப் பரப்பிற்று. 2004 பெப்ரவரியில் பிறையன் டியர் என்னும் பத்திரிகையாளர் சஞ்சிகையிடம் முறைப்பாடு செய்தார். பிள்ளைகள் வழமையான முறையில் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்களா, பரிசோதனைகளுக்கு ஒழுக்கவியற் குழுவின் அனுமதி இருந்ததா என்பன அவர் எழுப்பிய ஐயங்களுட் சில. சஞ்சிகை, கட்டுரையாசிரியரிடமும் அவர்கள் பணியாற்றிய நிறுவனத்திடமும் விளக்கம் பெற்று, ஒரு வாரத்துக்குள்ளேயே அவ்விரு ஐயங்களுக்கும் ஆதாரமில்லை என அறிவித்தது. தடுப்பூசி வழக்கொன்றின் தொடர்பில் பெற்ற பணம் பற்றிய உண்மையை வெளியிட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் அது ஏற்றது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாய்மொழியே மீண்டும் தீர்ப்பின் அடிப்படையாயிற்று.

பிரித்தானியப் பொது மருத்துவப் பேரவை, 2007 முதல் இரு தரப்புச் சாட்சியங்களையும் பகிரங்கமாகக் கேட்டு, 2010 ஜனவரியில் தன் முடிவை வெளியிட்டது. அதனையடுத்து 2010 பெப்ரவரி 2ஆம் நாள் ‘லான்செற்’ அக்கட்டுரையை முற்றாக மீளப் பெற்றுக்கொண்டது. மீளப் பெறும் அறிவித்தலிலே பொய்யென எடுத்துக்காட்டப்பட்ட கூற்றுக்கள், 2004இல் ஐயத்துக்கு இடமில்லை எனப்பட்ட அவ்விரண்டுமே. இடைப்பட்ட காலத்தின் விலையைப் பெற்றோரும் பிள்ளைகளும் செலுத்தினர். இங்கிலாந்திலே அத்தடுப்பூசி பெற்ற இரண்டு வயதுப் பிள்ளைகளின் தொகை, 1990களின் நடுப்பகுதியில் நூற்றுக்கு 92 அளவில் இருந்து, 2003–04இல் நூற்றுக்கு 80 அளவுக்கு வீழ்ந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே மூன்று நூற்றாண்டு இடைவெளி உண்டு. ஒன்றிலே முறையிட்டவர் பழிசுமத்தப்பட்டவர்; மற்றதிலே முறையிட்டவர் வெளியார். ஒன்றிலே விசாரணையின் முடிவு பாதி உண்மை. மற்றதிலே அது தவறு. ஆயினும் இரண்டிலும் குறை ஒரே இடத்திலேயே உள்ளது. தீர்ப்பினால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவரின் கையிலேயே விசாரணை விடப்பட்டது. சஞ்சிகையொன்று தன் பக்கங்களிலே வெளிவந்ததைப் பற்றிய முறைப்பாட்டைக் கேட்கும்போது, அதுவும் அவ்வழக்கிலே ஒரு தரப்பாகிவிடுகின்றது. எனவே விசாரிப்போர் யார் என்பது அறியப்படல் வேண்டும். அவருக்கு முடிவிலே சொந்த நலன் இருத்தலாகாது. இரு பக்கத்துத் தாள்களும் கேட்டுப் பெறப்படல் வேண்டும். கேட்கப்பட்ட வினாவுக்கே விடையளித்தல் வேண்டும். தீர்ப்பின் கீழே கையொப்பம் இருத்தல் வேண்டும். 1712இல் வேத்தியல் கழகம் இவற்றுள் ஒன்றையேனும் செய்யவில்லை.

நியூற்றனின் முதன்மையை மெய்ப்பிக்கப் போதிய சான்று அவரிடம் இருந்தது. அதனை வேறொருவர் கையில் ஒப்படைத்து ஒதுங்கி நின்றிருந்தால், அவர் கோரியது அவருக்குக் கிடைத்திருக்கும். லைப்னிற்ஸும் பழியின்றி இறந்திருப்பார்.